கொடுத்த மாத்திரை, விழுங்கிய மாத்திரை

நர்ஸ் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னவர்கள் என் பொறுமையைப் பற்றியும் கருணையைப் பற்றியும் உங்களிடம் சொல்லி வைத்திருப்பார்கள். நம்பாதீர்கள். என்னோடு வேலை பார்த்தவர்கள் உயிரோடு இருந்தால் கேட்டுப் பாருங்கள். "அந்தம்மா தன் நிழலையே நம்பாது" என்பார்கள். அது உண்மை. முப்பத்தி நாலு வருடம் நர்ஸாக இருந்தேன், ஒரு நாளும் யாரையும் முழுதாக நம்பியதில்லை. அந்தக் குணம் பலரைக் காப்பாற்றியிருக்கிறது. ஒருத்தியைக் கொல்லப் பார்த்தது. இங்கே எழுதுவது அந்த ஒருத்தியைப் பற்றி.

ஐம்பதுகளின் கடைசி. வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. ஐ.சி.யூ என்ற பெயரே அப்போது எங்கள் காதில் விழுந்ததில்லை. பெண்கள் வார்டின் கோடியில், நர்ஸ் மேஜைக்குப் பக்கத்தில், நாலு கட்டில்களைத் திரை போட்டுத் தடுத்திருந்தார்கள். இதயக் கோளாறு முற்றியவர்களை அங்கே படுக்க வைப்போம். உங்களுக்குத் தலைமாட்டில் பெட்டி இருக்கிறது, பச்சைக் கோடு ஓடுகிறது, கோடு கோணினால் மணி அடிக்கிறது. எங்களுக்கு விரலும் காதும்தான். இதயத்தின் படம் எடுக்கும் மெஷின் ஒன்று இருந்தது. அதைத் தள்ளிக்கொண்டு வர இரண்டு ஆள் வேண்டும், அதனால் காலையில் ஒரு தடவைதான் வரும்.

துடிப்பைச் சீராக்கும் மருந்துகளை நீங்கள் கையாள்கிறீர்கள். அவற்றின் குணம் உங்களுக்குத் தெரியும். துடிப்பை ஒழுங்காக்குவதும் அதுதான், கொஞ்சம் கூடிப்போனால் துடிப்பை நிறுத்துவதும் அதுதான். அன்றைக்கு எங்களிடம் இருந்தவை இரண்டு. டிஜிடாலிஸ் கொடுப்பதற்கு முன்னால் நாடி எண்ண வேண்டும், அறுபதுக்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். குயினிடின் என்றால் நாடியோடு இன்னொன்றும் கேட்க வேண்டும், காதுக்குள் ரீங்காரம் கேட்கிறதா என்று. கேட்டால் மருந்து அளவுக்கு வந்துவிட்டது, உஷார் என்று அர்த்தம்.

எனக்கு இரண்டு வருடம் மூத்தவள் கிரேஸ் அக்கா. கலகலப்பான மனுஷி, எல்லோருக்கும் பிடிக்கும். அவள் டியூட்டியில் எல்லார் சார்ட்டிலும் நாடி எழுபத்திரண்டாக இருக்கும். கிழவிக்கும் எழுபத்திரண்டு, குமரிக்கும் எழுபத்திரண்டு. எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் அவள் எழுதிவிட்டு மாத்திரையை எடுக்கப் போன நேரத்தில் ஒரு கிழவியின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து முழு நிமிஷம் எண்ணினேன். நாற்பத்தாறு. கிரேஸ் அக்காவின் கையிலிருந்து டிஜிடாலிஸ் மாத்திரையைப் பிடுங்கினேன் என்றே சொல்லலாம். அதோடு நிற்காமல் வார்டு சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவளைக் கட்டுப் போடும் அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

போகிற அன்றைக்கு அவள் என்னிடம் கோபப்படவில்லை. "பாக்காதத எழுதாத நர்ஸ் இந்த ஆஸ்பத்திரியில ஒருத்தி இருந்தா எனக்குக் காட்டுடி. நீ இன்னும் மாட்டல, அவ்ளோதான்" என்றாள். வயிற்றெரிச்சலில் பேசுகிறாள் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு வார்டில் எனக்கு மரியாதை கூடிவிட்டது. தலையும் கொஞ்சம் கனத்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் ஜைத்தூன் வந்தாள். ஆம்பூர்ப் பெண், இருபத்தாறு வயது. சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து, அது இதய வால்வைக் கெடுத்துவிட்டது. இந்தக் கதை உங்களுக்கும் பழக்கமானதுதான். மாடிப்படி ஏறினால் மூச்சு முட்டும். நெஞ்சில் காது வைத்தால் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் சம்பந்தமே இருக்காது. கலியாணமாகி எட்டு வருடம், குழந்தை தங்கவில்லை. புருஷன் தோல் பதனிடும் டேனரியில் சூப்பர்வைசர். அவர் வந்துவிட்டுப் போனால் திரைக்குள் ஆவாரம்பட்டை வாடை அரைமணி நேரம் நிற்கும். சரக்குக் கப்பலுக்குப் போகிற நேரம் என்று அவரால் அடிக்கடி வர முடியவில்லை.

கூட இருந்து பார்த்துக்கொண்டது மாமியார் ஹமீதாம்மா. வேலூரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொண்டு தினம் சாயங்காலம் ஜட்கா வண்டியில் வருவார். பகலில் நோயாளிக்குத் துணையாக யாரும் இருக்கக் கூடாது என்பது வார்டின் சட்டம். வெடுக்கென்று பேசும் அம்மா. மருமகளின் தலையணையை இப்படி அப்படி நகர்த்தி வைப்பார், தலைமுடி கலைந்திருந்தால் அதட்டுவார். எனக்கு வந்த முதல் நாளே பிடிக்கவில்லை.

அது ரமலான் மாதம். பங்குனி வெயில் வேறு, வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஜைத்தூனைச் சேர்த்த அன்றைக்கே கேட்டுவிட்டேன், "நோன்பு பிடிக்கிறியா?" என்று. அவள் வாய் திறப்பதற்குள் மாமியார் பதில் சொல்லிவிட்டார்.

"நோவுல கெடக்குறவளுக்கு நோன்பு இன்னாத்துக்கு நர்ஸம்மா? அல்லாவே வேணாம்னு சொல்லிட்டான். நான்தான் புடிக்கிறேன். இவ சாப்புடட்டும், நீ நல்லா குடு."

ஜைத்தூன் தலையைக் குனிந்துகொண்டாள். நான் சார்ட்டில் 'நோன்பு இல்லை' என்று எழுதினேன்.

டாக்டர் குயினிடின் ஆரம்பித்தார். எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு மாத்திரை, ஆக நாளுக்கு ஐந்து. மருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் ஏறி ஒரு கட்டத்தில் துடிப்பு ஒழுங்குக்குத் திரும்பும் என்பது கணக்கு. ராத்திரி எட்டு வரை பகல் டியூட்டி என்னுடையது, ஐந்து வேளையும் நானே கொடுத்தேன். ஒவ்வொரு வேளையும் நாடி எண்ணினேன், நெஞ்சில் எண்ணினேன், காதில் சத்தம் கேட்கிறதா என்று கேட்டேன். "இல்லக்கா" என்பாள். உள்ளங்கையில் மாத்திரையை வைத்து, இன்னொரு கையில் தம்ளரைக் கொடுப்பேன்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த வீட்டுப் பெண்கள் வெளியாள் முன்னால் வாயை அண்ணாந்து எதையும் விழுங்க மாட்டார்கள். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தை நாங்கள் மதித்தோம். அவள் சுவர்ப் பக்கம் திரும்பினால் நானும் மேஜைப் பக்கம் திரும்பி, சிவப்புப் பென்சிலால் சார்ட்டில் ஒரு டிக் போடுவேன். நான் திரும்பும்போது தம்ளர் காலியாக இருக்கும்.

முதல் நாள் பகல் முழுக்க ஒன்றுமில்லை. நாடி அதே தறிகெட்ட ஓட்டம். மதியச் சாப்பாடு அப்படியே திரும்பிப் போனது. வாய்க்குப் பிடிக்கவில்லை என்றாள். பசியை மந்தமாக்குவது மருந்தின் குணம் என்று புத்தகத்தில் படித்திருந்தேன், அதையே எழுதி வைத்தேன். சாயங்காலம் ஹமீதாம்மா ஒரு கூஜாவில் ரோஜா சர்பத் கொண்டு வந்தார். மேலே சப்ஜா விதை மிதந்தது. நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பள்ளிவாசலில் நகரா முரசு அடித்ததும் அவர் ஒரு தம்ளர் குடித்தார், மருமகளுக்கும் ஒரு தம்ளர் கொடுத்தார். அரைமணி கழித்து ஜைத்தூன் வாந்தி எடுத்தாள். தலை சுற்றுகிறது என்றாள். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது.

இரண்டாம் நாளும் அப்படியே. பகலில் ஒன்றுமில்லை, சாயங்காலம் சர்பத், வாந்தி, மயக்கம். இந்தத் தடவை நாடி ஒரு நிமிஷம் கைக்கு அகப்படவே இல்லை.

என் புத்தி வேலை செய்யத் தொடங்கிவிட்டது. நான் ஐந்து வேளை மருந்து கொடுக்கும்போது வராத மயக்கம், அந்த அம்மா வந்ததும் ஏன் வருகிறது? பக்கத்துக் கட்டிலில் குடியாத்தத்துத் தறிக்காரர் வீட்டு அம்மாள் ஒருத்தி இருந்தாள். ரத்தம் சுண்டி இதயம் தளர்ந்துபோய் வந்தவள், ஆனால் காது மட்டும் நல்ல கூர்மை. அவள் என்னைக் கிட்டே கூப்பிட்டுக் கிசுகிசுத்தாள்.

"சிஸ்டரு, அந்தக் கெழவி நேத்து பிள்ளகிட்ட இன்னா சொல்லிச்சு தெரியுமா? வாணியம்பாடியில பொண்ணு பாத்துட்டேன், பெருநா கழிச்சுப் பேசி முடிச்சுடலாம்னு சொல்லிச்சு. நான் என் காதால கேட்டேன்."

எனக்கு வேறென்ன வேண்டும்? குழந்தை இல்லாத மருமகள், பார்த்து வைத்த புதுப்பெண், கையில் கூஜா. மனசுக்குள் முழுக் கதையும் தயார். மூன்றாம் நாள் காலை டாக்டர் வந்தபோது நான் அதைச் சொன்னேன். விஷம் என்று சொல்லவில்லை, அந்த அளவுக்கு விவரம் இருந்தது. "வெளியிலேர்ந்து ஏதோ நாட்டு மருந்து கலந்து தர்றாங்கன்னு தோணுது டாக்டர். சாயங்கால மயக்கம் நம்ம மருந்தால இல்ல. பகல்ல அஞ்சு வேளையும் நான்தான் குடுக்கிறேன், ஒண்ணும் ஆகல" என்றேன்.

டாக்டர் என்னை நம்பினார். வார்டிலேயே உஷாரான நர்ஸ் என்று பெயர் வாங்கியவள் ஆயிற்றே. காலைப் படத்தைப் பார்த்தார், துடிப்பில் துளி மாற்றம் இல்லை. சாயங்கால மயக்கத்தை அவர் மருந்தின் கணக்கில் சேர்த்திருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பார். நான் சொன்னதால் சேர்க்கவில்லை. வேளைக்கு இரண்டு மாத்திரை என்று கூட்டி எழுதினார். "சாயந்தரம் அந்த அம்மா குடுக்கிறத நிறுத்துங்க, கவனமா பாருங்க" என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பத்து மாத்திரை கொடுத்தேன். ஐந்து வேளையும் டிக் போட்டேன். ஐந்து வேளையும் "காதுல சத்தம் கேக்குதா?" "இல்லக்கா." மருந்தை இரட்டிப்பாக்கியும் காது அமைதியாக இருக்கிறதே, நாடி அசையவே இல்லையே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஊரையே சந்தேகப்பட்ட நான் அந்தச் சிவப்பு டிக்கை மட்டும் சந்தேகப்படவில்லை. அது நான் போட்டது.

சாயங்காலம் ஹமீதாம்மா வந்தார். கூஜாவைத் திரைக்குள் கொண்டு போக விடாமல் வழியில் நின்றேன்.

"அதுல இன்னா கலந்திருக்கு?"

"சர்பத்தும்மா. சக்கர, ரோஜாப்பூ, சப்ஜா. ஐஸுகூட போடல."

"வேற?"

அவருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. முகம் கல்லாகிவிட்டது. "வேறன்னா? நீ இன்னா கேக்குறே?"

"இத நீங்க மொதல்ல குடிங்க. என் கண்ணு முன்னால குடிங்க. அப்புறம் அவளுக்குக் குடுக்கலாமான்னு பாக்கலாம்."

வார்டே எங்களைப் பார்த்தது. குடியாத்தத்து அம்மாள் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். ஹமீதாம்மா கூஜாவைத் திறந்து ஒரு தம்ளரில் ஊற்றினார்.

"நான் நோன்பு. நகரா அடிக்கட்டும், குடிக்கிறேன். நீ எங்கியும் போவாத. இங்கியே நின்னு பாரு" என்றார்.

நின்றேன். அவர் ஜைத்தூனின் கட்டிலருகே தம்ளரைக் கையில் ஏந்தியபடி நின்றார். நான் அவருக்கு எதிரே, அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனை நிமிஷம் என்று நினைவில்லை. பகல் முழுக்கத் தண்ணீர் படாத அவருடைய உதடுகள் வெடித்திருந்ததைப் பார்த்தேன், பார்த்தும் மனசு இளகவில்லை. நகரா அடித்தது. உதட்டுக்குள் ஏதோ ஓதிவிட்டு, என் கண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல் கடைசிச் சொட்டு வரை குடித்தார். தம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார்.

அந்த நேரத்தில் கட்டிலில் ஜைத்தூன் சுவர்ப் பக்கம் திரும்பித் தண்ணீர் குடிக்கும் சத்தம் என் காதில் விழுந்தது. விழுந்தது, அவ்வளவுதான். என் கண் முழுக்க மாமியார் மேலேயே இருந்தது.

அரைமணிகூட ஆகியிருக்காது. "அக்கா, காதுல இரைச்சலா இருக்குது" என்றாள் ஜைத்தூன். திரும்பிப் பார்ப்பதற்குள் கண் மேலே செருகியது. மணிக்கட்டில் நாடி இல்லை. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தேன், தூரத்தில் எங்கேயோ ஒன்று இரண்டு துடிப்பு, அப்புறம் இடைவெளி. ஹமீதாம்மா என் எதிரில் கல் மாதிரி நிற்கிறார், ஒன்றும் ஆகவில்லை. இவள் ஒரு சொட்டு சர்பத்தும் குடிக்கவில்லை. மூன்று நாளாக நான் கட்டிய கதை அந்த இடத்திலேயே உடைந்தது, ஆனால் அந்த இடத்தில் வைக்க வேறு கதை என்னிடம் இல்லை.

தலையணையை உருவினேன், காலைத் தூக்கி வைத்தேன், ஆக்சிஜன் வைத்தேன். டாக்டர் ஓடி வந்தார். துடிப்பு முழுக்கத் தறிகெட்டுவிட்டது, ஊசியில் கொடுத்து அடக்க வேண்டும் என்றார். அந்த ஊசி மருந்தும் குயினிடினுக்குச் சொந்தக்கார மருந்துதான், அதே வேலை செய்வது. அதைக் குப்பியிலிருந்து ஊசிக்குள் உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

ஜைத்தூன் வாயில் நுரை ஒதுங்கியது. அதைத் துடைக்க ஹமீதாம்மா மருமகளின் முந்தானையைப் பிடித்து இழுத்தார். முந்தானை முனையில் ஒரு முடிச்சு பாதி அவிழ்ந்து கிடந்தது. துணி மடிப்பில் வெள்ளையாக மாவு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. அவர் அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"கசக்குது. நர்ஸம்மா, இது இன்னா கசக்குது?"

நானும் தொட்டு வைத்தேன். குயினிடினைக் கையாண்டவர்களுக்கு அந்தக் கசப்பைச் சொல்ல வேண்டாம், கையாளாதவர்களுக்கு விளக்கவும் முடியாது. அந்த நொடியில் எல்லாம் விளங்கியது. திரும்பிப்போன மதியச் சாப்பாடு, அமைதியான காது, அசையாத நாடி, நகராவுக்கு அப்புறம் வரும் மயக்கம்.

டாக்டரின் ஊசி தயாராகிவிட்டது. "ஊசி வேணாம் டாக்டர்" என்றேன். "மாத்திரை பத்தும் இப்பதான் ஒண்ணா உள்ள போயிருக்குது."

அவர் சார்ட்டைப் பார்த்தார். "எட்டு மணிக்கு டிக் இருக்கு. பத்து மணிக்கு இருக்கு. அஞ்சு வேளையும் இருக்கு. நீங்க போட்டதுதானே?"

பிள்ளைகளே, என் வேலைக்காலத்தில் இதைவிடக் கஷ்டமான ஒரு வாக்கியத்தை நான் பேசியதில்லை. அந்த அம்மா நிற்கிறார், சற்று முன் நான் கொலைகாரி மாதிரி நடத்தியவர். வார்டு சிஸ்டர் வாசலில் நிற்கிறார், கிரேஸ் அக்காவைப் பற்றி நான் கோள் சொன்னது அவரிடம்தான். சொல்ல வேண்டாம் என்று ஒரு கணம் தோன்றியது என்றும் எழுதிவிடுகிறேன். 'ஒருவேளை' என்று ஆரம்பித்து இழுத்திருந்தால் அந்த ஊசியும் உள்ளே போயிருக்கும், அவள் துடிப்பும் நின்றிருக்கும்.

"நான் போட்டதுதான். ஆனா அவ முழுங்கினத ஒரு வேளையும் நான் பாக்கல. அந்த டிக் பொய் டாக்டர்" என்றேன்.

ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார். வயிற்றுக்குள் குழாய் விட்டுக் கழுவினோம். பாதி கரைந்தும் கரையாமலும் மாத்திரைத் துண்டுகள் வந்தன. நான் எண்ணினேன், அடையாளம் தெரிந்தவை ஆறு. ரத்த அழுத்தத்தைத் தூக்க வேறு மருந்து சொட்டுச் சொட்டாக ஏறியது. அவள் மணிக்கட்டில் வைத்த விரலை நான் எடுக்கவே இல்லை. நூல் மாதிரி ஒன்று விரலுக்கடியில் தட்டியபோது ஹமீதாம்மாவைப் பார்த்துத் தலையசைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மருமகளின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஜைத்தூன் பேசும் அளவுக்குத் தேறியதும் மாமியார்தான் கேட்டார்.

"ஏன்டி இப்படி செஞ்சே? யாரு உன்ன நோன்பு புடிக்கச் சொன்னது?"

"கோவிச்சுக்காதீங்க மாமி. எட்டு வருஷமா எல்லாத்துக்கும் நோவாளி நோவாளின்னு ஒதுக்கியே வச்சிட்டீங்க. கலியாணத்துக்கு வராத, ஏறாத, எறங்காத, நோன்பு புடிக்காதன்னு. இந்த ஒரு மாசமாவது எல்லாரையும் போல இருக்கணும்னு தோணிச்சு." என் பக்கம் திரும்பினாள். "மாத்திரைய நான் கீழ போடலக்கா. ஒண்ணுகூட போடல. தண்ணிய மட்டும் எச்சிக்கிண்ணத்துல ஊத்திட்டேன். மாத்திரைய முடிஞ்சு வச்சி, நோன்பு தொறக்கறப்ப கணக்கா எல்லாத்தையும் முழுங்கிட்டேன். நீங்க குடுத்தது உள்ள போனா சரிதானே?"

அவள் யாரையும் ஏமாற்றவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னதும் ஆயிற்று, நோன்பும் ஆயிற்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்பது ஏன் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நான்தான். மருந்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் அவளைக் கேள்வி கேட்கத்தான் பயன்படுத்தினேன், அவளுக்கு விளக்க ஒரு நிமிஷம் செலவழிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை, அழுதேன்.

வாணியம்பாடிப் பெண் சின்ன மகனுக்காம். குடியாத்தத்து அம்மாளின் காதில் அது மட்டும் விழவில்லை.

வார்டு சிஸ்டர் என்னை மாற்றவில்லை. மாற்றியிருந்தால் தப்பித்திருப்பேன். "அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போற வரைக்கும் மருந்து நீதான் குடுக்கணும், அந்தம்மா இருக்கிற நேரத்துலயும் நீதான் குடுக்கணும்" என்றார். மத்தியான இடைவேளையில் கட்டுப் போடும் அறைக்குப் போனேன். கிரேஸ் அக்கா துணிச் சுருள் சுற்றிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று தயாராகப் போயிருந்தேன், சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த துணிக் குவியலைத் தள்ளி எனக்கு உட்கார இடம் விட்டாள்.

குயினிடினை நிறுத்திவிட்டார்கள். துடிப்பை ஒழுங்காக்குவதை விட்டு, வேகத்தைக் குறைத்தால் போதும் என்று டிஜிடாலிஸில் வைத்தார்கள். ஒவ்வொரு வேளையும் நான் ஜைத்தூனின் நாடியை எண்ணி, மாத்திரை எதற்கு என்று சொல்லி, அவளைச் சுவர்ப் பக்கம் திரும்ப விடாமல் என் பக்கம் திருப்பி, திரையை இழுத்து மூடிவிட்டு, "முழுங்கிட்டியா? வாயத் தெற, நாக்கத் தூக்கு" என்று பார்த்த பிறகே பென்சிலை எடுத்தேன். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். சாயங்கால வேளைகளில் ஹமீதாம்மா ஒரு மூலையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்ப்பார். என்னோடு ஒரு வார்த்தை பேச மாட்டார். நான் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்கப் போனேன். இரண்டு தடவையும் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார்.

பெருநாள் கழிந்து நாலாம் நாள் ஜைத்தூனை வீட்டுக்கு அனுப்பினோம். பட்டப்பகல். புருஷன் ஜட்காவை வாசலில் நிறுத்திவிட்டு மூட்டையை எடுத்துக்கொண்டு போனார். ஜைத்தூன் என் கையைப் பிடித்து, "வர்றேன்க்கா" என்றாள். மெல்ல நடந்து போனாள். ஹமீதாம்மா மட்டும் பின்தங்கினார். நேராக நர்ஸ் மேஜைக்கு வந்தார். கையில் அதே கூஜா.

ஒரு தம்ளர் சர்பத்தை ஊற்றி என் முன்னால் வைத்தார்.

"குடி."

வார்டு முழுக்கப் பார்க்கிறது. எடுத்துக் குடித்தேன். சப்ஜா விதை தொண்டையில் வழுக்கிக்கொண்டு போனது. நல்ல தித்திப்பு. தம்ளரைக் கீழே வைத்தேன். அவர் போகவில்லை.

"முழுங்கிட்டியா?"

"முழுங்கிட்டேம்மா."

"வாயத் தெற."

திறந்தேன்.

"நாக்கத் தூக்கு."

தூக்கினேன். நிதானமாக, எந்த அவசரமும் இல்லாமல் உள்ளே பார்த்தார். பிறகு தம்ளரை முந்தானையால் துடைத்துக் கூஜாவின் மேல் கவிழ்த்தார். மேஜை மேல் கிடந்த சிவப்புப் பென்சிலை எடுத்து என் கையில் வைத்தார்.

"இப்ப போட்டுக்க உன் டிக்கு" என்றார்.